யாரையும் குற்றம் சொல்லாத அறை

கருவிப் பலகையில் ஒரு பள்ளம் காலியாக இருந்தது.

விமானப் பராமரிப்புக் கூடத்தில் வேலை செய்யாதவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. அந்தப் பலகை சுவரை அடைத்து நிற்கும். ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் உருவத்திலேயே பள்ளம் வெட்டியிருக்கும். ஸ்பேனருக்கு ஸ்பேனர் வடிவம், இடுக்கிக்கு இடுக்கி வடிவம். வேலை முடிந்ததும் எல்லாப் பள்ளங்களும் நிறைய வேண்டும். ஒன்று காலி என்றால் அந்தக் கருவி விமானத்துக்குள் கிடக்கிறது என்று பொருள். இல்லை என்று கண்ணால் பார்க்கும்வரை விமானம் நகரக் கூடாது.

காலியாக இருந்தது கண்ணாடியின் பள்ளம். பல் வைத்தியர்கள் வாய்க்குள் விட்டுப் பார்ப்பார்களே, அதுபோல நீண்ட கைப்பிடி, நுனியில் சின்ன வட்டக் கண்ணாடி. கடைசியாக அதை எடுத்தவள் சுண்டெலி.

அவளுக்கு வேறு பெயர் உண்டு. விமானத்தின் வாலுக்குள் நுழையக்கூடிய உடம்பு அந்தக் கூடத்தில் அவளுக்கு மட்டுமே இருந்ததால் அந்தப் பெயரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அன்று காலையும் வாலுக்குள் போயிருந்தாள். விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் கேபிள்கள் அங்கே கப்பிகளின் மேல் ஓடுகின்றன. கப்பிகளின் முதுகுப் பக்கத்தைக் கண்ணாடி வைத்துத்தான் பார்க்க முடியும். பார்த்துக்கொண்டிருக்கும்போது வெளியிலிருந்து அவளுடைய கூட்டாளி நெட்டையன், "காபி ஆறுது, வா" என்றான். வந்தாள். அவன் வாலின் மூடியைப் போட்டுத் திருகாணிகளை முடுக்கினான்.

இப்போது பைகளைப் பார்த்தாள். குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். பிறகு மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னாள்.

"அண்ணே, கண்ணாடியைக் காணோம். வாலுக்குள்ள விட்டுட்டேன்னு நினைக்கிறேன். மூடியைக் கழட்டினா எடுத்துட்டு வந்துடுவேன்."

மேற்பார்வையாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எடுத்துடுவ. எனக்குத் தெரியாதா? ஆனா காணோம்னு சொல்லிட்டியே."

"காணோம்னா காணோம்னுதானே சொல்லணும்?"

"சொல்லாம இருந்திருந்தா கழட்டியிருக்கலாம். சொன்னதும் அது சம்பவம் ஆயிடுச்சு. சம்பவம்னா யாரும் எதையும் தொடக் கூடாது. காரணி ரூமுக்குப் போ."

முன்பெல்லாம் ஒரு கருவி காணாமல் போனால் மேற்பார்வையாளர் திட்டுவார். தொலைத்தவரின் பரம்பரையில் தொடங்கி, பள்ளிக்கூடத்து வாத்தியார் வரை போவார். அவர் திட்டிக்கொண்டிருக்கும்போதே மற்றவர்கள் மூடிகளைக் கழற்றித் தேடுவார்கள். பெரும்பாலும் வாத்தியாருக்கு வருவதற்குள் கருவி கிடைத்துவிடும். பிறகு நிர்வாகம் மனிதக் காரணிகள் பிரிவைத் தொடங்கியது. திட்டுவது தடை செய்யப்பட்டது. திட்டும்போது நடந்த தேடுதலும் திட்டின் ஒரு பகுதி என்று கருதப்பட்டு அதோடு போய்விட்டது.

பிரிவின் தலைவரைத் தொழிலாளர்கள் காரணி என்பார்கள். முன்பு ஒரு ஹோட்டல் குழுமத்தில் வரவேற்பாளர்களுக்குப் புன்னகை கற்றுக்கொடுத்தவர். அவருடைய அறைக் கதவில் 'இங்கே யாரையும் குற்றம் சொல்வதில்லை' என்று எழுதியிருந்தது. உள்ளே சுவரிலும் அதுவே. அவர் தேநீர் குடித்த கோப்பையிலும் அதுவே. சுண்டெலிக்கு அப்போதே சந்தேகம் வந்தது. பால் கெடவில்லை என்று மாமியார் மூன்று முறை சொன்னால் அவள் பாலைக் கொட்டிவிடுகிறவள்.

நாற்காலி மெத்தென்று இருந்தது. மேசைமேல் முகம் துடைக்கும் காகிதப் பெட்டி. ஒரு காகிதம் பாதி வெளியே இழுக்கப்பட்டுத் தயாராக நின்றது. காரணி எழுந்து போய்க் கதவைத் தாழிட்டுவிட்டு வந்தார்.

"இங்க சார், மேடம் எதுவும் கிடையாது. நான் உங்க நண்பர்."

"சரி சார்."

"கண்ணாடியைக் காணோம்னு தெரிஞ்சப்போ உள்ளுக்குள்ள என்ன தோணுச்சு?"

"வாலுக்குள்ள இருக்கும்னு தோணுச்சு. கேபிளுக்கும் கப்பிக்கும் நடுவுல மாட்டிச்சுன்னா, பைலட் மூக்கைத் தூக்க இழுக்கறப்போ வராது. நாளை மறுநாள் மதியம் ஆளுங்களோட கிளம்பற விமானம் சார். மூடியைத் திறக்கச் சொல்லுங்க."

காரணி சிரித்தார். வரவேற்பாளர்களுக்குக் கற்றுக்கொடுத்த சிரிப்பு.

"பாத்தீங்களா? விமானத்தைப் பத்தியே பேசறீங்க. உங்களைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. விமானம் பாவம், அது தப்பே பண்ணாது. அதுக்குத் தூக்கம் கிடையாது, மாமியார் கிடையாது. தப்பெல்லாம் மனுஷன்கிட்டதான். அதனால இந்தப் பிரிவு வந்த நாள்லேர்ந்து விமானத்தைப் பாக்கறதையே விட்டுட்டோம். நான் இதுவரைக்கும் விமானம் நிக்கற ஹேங்கருக்குள்ள கால் வெச்சதில்ல. பாத்தா பாரபட்சம் வந்துடும்."

மனிதர்கள் தவறு செய்யக் காரணமாகும் பன்னிரண்டு காரணிகள் சுவரில் பன்னிரண்டு சட்டங்களில் தொங்கின. களைப்பு, மெத்தனம், கவனச்சிதறல், மனஅழுத்தம், துணிந்து பேசாமை என்று வரிசையாக. ஒவ்வொன்றிலும் ஒரு தொழிலாளி வெவ்வேறு விதமாக அழுதுகொண்டிருந்தார். அவற்றில் தன்னுடையதைத் தேர்ந்தெடுக்கும்படி காரணி சொன்னார். சுண்டெலி எல்லாவற்றையும் படித்தாள்.

"இதுல மறதி இல்லையே சார்."

"மறதி பன்னிரண்டுல கிடையாது."

"ஆனா நான் மறந்துதான் வெச்சேன்."

"இல்லாத காரணியால தப்பு எப்படி நடக்கும்? நல்லா யோசிங்க. ராத்திரி தூங்கினீங்களா?"

"நல்லாத் தூங்கினேன்."

"இவ்வளவு உறுதியா சொல்றவங்க பெரும்பாலும் தூங்கினதில்ல." அவர் எதையோ குறித்துக்கொண்டார். "பயப்படாதீங்க. நாங்க யாரையும் குற்றம் சொல்ல மாட்டோம். யாருன்னு தெரிஞ்சுக்குவோம், அவ்வளவுதான்."

வெளியே வந்தபோது காபி இயந்திரத்தருகே நெட்டையன் நின்றிருந்தான். அவனையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"என்னைப் பத்தி என்ன சொன்ன?" என்றான்.

"உன்னைப் பத்தி ஏன் சொல்லணும்?"

"காபிக்குக் கூப்பிட்டேன்னு சொன்னியா?"

"கூப்பிட்டதானே."

"அப்ப சொல்லிட்ட." கோப்பையைக் கீழே வைத்தான். அன்றிலிருந்து அவன் அவளைக் காபிக்குக் கூப்பிடவில்லை. தன் முறை முடிந்து வரும்போது இன்னும் குழம்பியிருந்தான். "நமக்குள்ள எப்படின்னு கேட்டாரு. நல்லா இருக்கோம்னேன். ரொம்ப நல்லாவான்னாரு. அதுக்கு என்ன சொல்றது? கொஞ்சம் சுமார்னேன். அதையும் எழுதிக்கிட்டாரு. இப்ப நாம நல்லா இருக்கோமா, சுமாரா?"

"மூடியைத் திறக்கச் சொல்லிக் கேட்டியா?"

"கேக்கலாம்னுதான் போனேன். கேட்டா, அதுல ஏன் இவ்வளவு ஆர்வம்னு கேட்டுடுவாரோன்னு விட்டுட்டேன்."

அன்று மாலை காரணி அவளுடைய வீட்டுக்கு வந்தார். கையில் ஆப்பிள்கள். வீட்டுச் சூழலும் ஒரு பராமரிப்புச் சூழல்தான் என்றார். பள்ளி வேன் ஓட்டும் கணவன் அப்போதுதான் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்திருந்தான். காரணி படுக்கையறையை எட்டிப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் அவங்க படுப்பாங்க?"

கணவன் ஆப்பிள் பையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சுவர்ப் பக்கம் படுக்கறவங்க துணிஞ்சு பேச மாட்டாங்க. ஆராய்ச்சி."

"அவளா துணிஞ்சு பேச மாட்டா?" என்று சிரித்தான் கணவன். அந்தச் சிரிப்பையும் காரணி குறித்துக்கொண்டார்.

மாமியார் அடுப்படியிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். "என்ன தொலைச்சிட்டாளாம்?"

"கண்ணாடி, அம்மா," என்றார் காரணி.

"கண்ணாடியா? இவ தலைவாரவே நேரமில்லாம ஓடறவ. எந்தக் கண்ணாடியை எங்க கொண்டுபோய் யாருக்காகப் பாத்தா?"

'வீட்டில் கண்ணாடி குறித்த பதற்றம் நிலவுகிறது' என்று காரணி சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். அவர் போன பிறகு கணவன் ஒரு ஆப்பிளை எடுத்து முகர்ந்துவிட்டு வைத்தான்.

"யாருடி அந்த ஆளு?"

"ஆபீஸ்ல. யாரையும் குற்றம் சொல்ல மாட்டாரு."

"அதான் கேக்கறேன். யாருடி அந்த ஆளு?"

மறுநாள் காலை சம்பவத்தை மறுபடி நடித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. உண்மையான வாலைத் தொட முடியாது, அது சம்பவ இடம். ஆகவே பயிற்சிக் கூடத்தில் ஒட்டுப்பலகையில் ஒரு வால் செய்திருந்தார்கள். வெள்ளை வர்ணம் பூசி, கேபிள்களுக்குப் பதில் துணி காயப்போடும் கயிறு கட்டியிருந்தார்கள். சுண்டெலி அதற்குள் நுழைந்தாள். நெட்டையன் வெளியிலிருந்து, "காபி ஆறுது, வா" என்று சொல்ல வேண்டும். சொன்னான். குரலில் போதிய அலட்சியம் இல்லை என்று இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள். அவள் வெளியே வந்தாள். பிறகு காரணியின் குழு முழுவதும் ஒட்டுப்பலகை வாலுக்குள் டார்ச் அடித்துக் கண்ணாடியைத் தேடியது. மூலை முடுக்கெல்லாம் பார்த்தது. கண்ணாடி அங்கே இல்லை.

"மாதிரியில இல்ல," என்றார் காரணி. முகத்தில் நிம்மதி. "மாதிரியை அளவெடுத்துத்தான் பண்ணியிருக்கோம். இதுல இல்லாதது அதுல இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி."

"சார், நான் இதுக்குள்ள கண்ணாடியைக் கொண்டு போகவே இல்லையே."

"அதையும் கவனிச்சோம். இந்த முறை நீங்க மறக்கல. முன்னேற்றம் தெரியுது."

மதியம் அவள் பலகைப் பக்கம் போனபோது பள்ளத்தில் ஒரு புதுக் கண்ணாடி இருந்தது. விலைச்சீட்டு இன்னும் கைப்பிடியில் ஒட்டியிருந்தது. காலிப் பள்ளம் மற்ற தொழிலாளர்களுக்கு மனஅழுத்தம் தருவதாகவும், மனஅழுத்தம் பன்னிரண்டில் ஒன்று என்பதால் அதை உடனே நீக்கியதாகவும் மேற்பார்வையாளர் சொன்னார். சொல்லும்போது அவளைப் பார்க்காமல் பலகையைப் பார்த்தார்.

"இப்ப எல்லாப் பள்ளமும் நிறைஞ்சிருக்கும்மா."

"அண்ணே, உள்ள ஒண்ணு இருக்கு அண்ணே."

"இருக்கா? நீ பாத்தியா?"

அவள் பார்க்கவில்லை. அதுதான் சிக்கல். வீட்டுக்குப் பாதி தூரம் போன பிறகு அவளுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. ஒருவேளை கண்ணாடியை உள்ளே எடுத்துப்போகவே இல்லையோ. ஒருவேளை சரியாகத் தூங்கவில்லையோ. சாப்பிடும்போது கணவனிடம், "நான் எந்தப் பக்கம் படுக்கறேன்?" என்று கேட்டாள். அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனான்.

விமானம் கிளம்பும் நாள் காலை துணிந்து பேசும் பயிற்சி. பன்னிரண்டில் சுண்டெலியின் காரணி துணிந்து பேசாமைதான் என்று கண்டுபிடித்திருந்தார்கள். விமானத்தைத் திறக்கும்படி அவள் எத்தனையோ முறை கேட்டும் யாரும் திறக்கவில்லை என்றால், அவள் துணிந்து கேட்கவில்லை என்றுதானே பொருள்?

பயிற்சி அறை மாடியில் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஹேங்கரின் வாசலும் அதில் நின்ற விமானத்தின் வாலும் தெரிந்தன. தொழிலாளர்கள் அரைவட்டமாக உட்கார்ந்தார்கள். பின் வரிசையில் மேலாளரும் வந்து உட்கார்ந்தார். விமானத்தை அனுப்புவதா, நிறுத்துவதா என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்.

"நான்தான் மேலாளர்னு வெச்சுக்கங்க," என்றார் காரணி. "விமானத்தை அனுப்பப் போறேன். நீங்க தடுக்கணும். சொல்லுங்க பாக்கலாம்."

சுண்டெலி பின் வரிசையைப் பார்த்தாள். "மேலாளர்தான் அங்க இருக்காரே. அவர்கிட்டயே சொல்றேனே."

"முதல்ல என்கிட்ட. நிஜ ஆளுகிட்ட சொல்றது ரெண்டாம் கட்டப் பயிற்சி. அது அடுத்த மாசம்."

"இந்த விமானம் போகக் கூடாது," என்றாள்.

"தொண்டையிலேர்ந்து வருது. வயித்துலேர்ந்து வரணும்."

"இந்த விமானம் போகக் கூடாது. வாலுக்குள்ள கண்ணாடி இருக்கு. கேபிள் மாட்டிக்கிட்டா எல்லாரும் செத்துப்போவாங்க."

கைதட்டினார்கள். மேலாளரும் தட்டினார். முந்தின நாள் பேசாமல் இருந்த பெண்ணா இது என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்.

ஜன்னலுக்கு வெளியே இழுவை வண்டி வந்து விமானத்தின் முன்சக்கரத்தருகே நின்றது.

"இது நடிப்பு இல்ல," என்றாள் சுண்டெலி. "நிஜமாத்தான் சொல்றேன். அங்க பாருங்க, வண்டி வந்துடுச்சு. நிறுத்தச் சொல்லுங்க."

கைதட்டல் இன்னும் பலமாக இருந்தது. காரணி காகிதப் பெட்டியை நீட்டினார். மேலாளர் ஒரு காகிதத்தை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்தத் துணிச்சல் எல்லாருக்கும் வரணும்," என்றார். "இப்படி ஒரு குரல் வந்தா எந்த மேலாளரா இருந்தாலும் விமானத்தை நிறுத்திடுவான்."

அவள் எழுந்து வெளியே போனாள். அதுவும் பயிற்சியில் உள்ளதுதான் என்று மற்றவர்கள் நினைத்திருக்க வேண்டும். படிக்கட்டில் பாதி இறங்கும்வரை கைதட்டல் கேட்டது.

நெட்டையன் விமானத்தின் பின்புறம் ஏணியருகே நின்றிருந்தான்.

"மூடியைத் திற."

"நான் திறக்க மாட்டேன். நான் மூடினவன். மூடினவனே திறந்தா சந்தேகம் வரும்."

"திறக்கலன்னா?"

அவன் யோசித்தான். "அதுவும் வரும்."

"அப்ப திற."

அவன் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினான். இழுவை வண்டிக்காரர் ஒலியெழுப்பினார். "ஒரு நிமிஷம் பொறு அண்ணே, உள்ள ஆளு போகுது," என்று நெட்டையன் கத்தினான். உள்ளே ஆள் போகும்போது யாரும் இழுக்க மாட்டார்கள். அந்த ஒரு விதியைப் பற்றிப் பிரிவு இன்னும் யோசித்திருக்கவில்லை.

வாலுக்குள் எண்ணெய் மணமும் சூடும் இருந்தன. முதல் கப்பிக்கருகே கண்ணாடி இல்லை. அங்கேதான் வைத்ததாக அவள் நினைத்திருந்தாள். கையால் தடவினாள். இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே படுத்துக் கிடந்தாள். காரணி சொன்னது சரியாக இருந்தால் என்ன செய்வது என்று நினைத்தாள். பிறகு டார்ச்சை உள்பக்கம் திருப்பினாள். வெளிச்சம் எங்கிருந்தோ திரும்பி வந்து அவள் கண்ணில் அடித்தது. கண்ணாடி இரண்டாவது கப்பியின் கீழே சரிந்திருந்தது. கைப்பிடி கேபிளின்மேல் சாய்ந்து கிடந்தது. எடுத்தாள். கேபிளை விரலால் நீளத் தடவிப் பார்த்தாள். காயம் இல்லை.

அவள் வெளியே வரும்போது கீழே மேலாளர், மேற்பார்வையாளர், காரணி மூவரும் நின்றிருந்தார்கள். காரணி ஹேங்கரின் மஞ்சள் கோட்டுக்கு வெளியிலேயே நின்று, விமானத்தைப் பார்த்துவிடாதபடி கண்ணோரத்தைக் கையால் மறைத்திருந்தார்.

"கிடைச்சிடுச்சு," என்றாள் சுண்டெலி.

"என்ன கிடைச்சுது?" என்றார் காரணி.

"காணாமப் போன கண்ணாடி."

"எதுவும் காணாமப் போகலையே. பலகையைப் பாருங்க. எல்லாப் பள்ளமும் நிறைஞ்சிருக்கு." அவர் குரல் மிக மென்மையாக இருந்தது. "அப்ப இது நம்ம பொருள் இல்ல. வெளியிலேர்ந்து வந்திருக்கு. யாரோ உள்ள கொண்டுபோய் வெச்சிருக்காங்க. யாருன்னு நாங்க சொல்லல. சொல்லவும் மாட்டோம். வாலுக்குள்ள போகக்கூடிய உடம்பு எத்தனை பேருக்கு இருக்குன்னு மட்டும் யோசிக்கறோம்."

எல்லோரும் அவளுடைய உடம்பைப் பார்த்தார்கள். நெட்டையன் கூட ஒரு முறை பார்த்துவிட்டு அவசரமாகத் திருகாணிகளை முடுக்கத் தொடங்கினான்.

மேலாளருக்கு ஒரு சங்கடம் இருந்தது. "முறைப்படி பாத்தா, அவங்க எடுத்தது செல்லாது. பொருளைக் கண்டுபிடிக்கறதுக்குன்னு குழு இருக்கு."

"ரொம்பச் சுலபம்," என்றார் காரணி. "இருந்த இடத்துலயே திரும்ப வெச்சிடுங்க. திங்கட்கிழமை குழு வந்து முறைப்படி கண்டுபிடிக்கும். யாருக்கும் பிரச்சினை இல்ல."

"விமானம் இன்னிக்கே போகுதே சார்."

"போகட்டுமே. பலகைதான் நிறைஞ்சிருக்கே."

மேற்பார்வையாளர் அவள் காதருகே குனிந்தார். "வெச்சிடும்மா. வெச்சிட்டு இறங்கி வந்துடு. உன் வேலை உரிமத்துல கை வெச்சிடுவாங்க."

"உரிமத்தைப் பறிக்க மாட்டோம்," என்றார் காரணி. அவருக்குக் காது கூர்மை. "கொஞ்ச நாள் ஓய்வு கொடுப்போம். உரிமத்துக்கு."

சுண்டெலி ஏணியிலிருந்து இறங்கினாள். கண்ணாடியை இரண்டு கைகளாலும் பிடித்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். நெட்டையன் கடைசித் திருகாணியை முடுக்கியதை அவள் பார்த்தாள். இழுவை வண்டி விமானத்தை வெளியே கொண்டுபோனதைப் பார்த்தாள். அதன் பிறகுதான் அவர்களோடு அந்த அறைக்கு நடந்தாள்.

காரணி கதவைத் தாழிட்டார். மெத்தென்ற நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். கேபிளைப் பிடிப்பதுபோலக் கண்ணாடியைச் சுற்றி விரல்களைக் கோத்திருந்தாள்.

"கையைத் திறங்க," என்றார் காரணி. "நாங்க உங்களுக்கு எதிரி இல்ல."

அவள் திறக்கவில்லை.

"இது வெறும் கண்ணாடி," என்றார் மேலாளர். "இதை வெச்சிக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

"ஒண்ணும் பண்ணல சார். இது என் கையில இருக்கற வரைக்கும் விமானத்துல இருக்காது. அவ்வளவுதான்."

இப்படியே பேசிக்கொண்டிருந்தார்கள். பிடிவாதம் பன்னிரண்டில் எதன் கீழ் வரும் என்று காரணியும் மேலாளரும் கொஞ்ச நேரம் தங்களுக்குள் விவாதித்தார்கள். அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். குடிக்க ஒரு கை வேண்டுமே என்பதால் அவள் குடிக்கவில்லை. கடைசியில் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. விமானம் ஓடுபாதையில் ஓடி, மூக்கைத் தூக்கி, மேலே போயிற்று. அறையில் இருந்தவர்களில் அவள் மட்டும்தான் அதைப் பார்த்தாள். சத்தம் தேய்ந்து மறையும்வரை பார்த்தாள்.

"போயிடுச்சு," என்றார் காரணி, மிகுந்த பொறுமையோடு. கையை நீட்டினார். "இப்பவாவது கொடுங்க."

சுண்டெலி அந்தக் கையைப் பார்த்தாள். மேலாளரைப் பார்த்தாள். தாழிட்ட கதவைப் பார்த்தாள்.

"அடுத்த விமானம் எப்ப சார்?" என்று கேட்டாள்.